செயலியில் பிழை கண்டால் எழுதும் முறை

வாடிக்கையாளர் முறையீடுகளைப் பதிந்து உரியவரிடம் சேர்க்கும் 'ஜோஹோ டெஸ்க்' என்னும் மென்பொருள் உருவானது, தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில்தான். இத்தகைய மென்பொருளில் ஒவ்வொரு முறையீடும் தனி எண் கொண்ட 'டிக்கெட்' ஆகப் பதிவாவதால், ஒரு டிக்கெட்டில் ஒரு பிழையை மட்டும் எழுதி, பின்தொடரும் மடல்களில் அதே எண்ணைக் குறிப்பிடுவது நலம்.

'வேலை செய்யவில்லை' என்ற ஒற்றைத் தொடரால் நிரலாளருக்கு எதுவும் விளங்காது. எந்தப் பொத்தான்களை எந்த வரிசையில் அழுத்தியபோது, எதை எதிர்பார்த்த இடத்தில் எது நிகழ்ந்தது என்பதையும், செயலியின் பதிப்பு எண்ணையும், கைபேசியின் வகையையும் சேர்த்தெழுதினால், அவர் தம் கருவியில் அப்பிழையை மீண்டும் நிகழ்த்திப் பார்க்க இயலும். பிழைதிருத்தத்தில் இதனினும் இன்றியமையாத படி வேறில்லை. தமிழ் எழுத்துகள் சிதைந்து தோன்றுமாயின், திரையின் படத்தோடு சிதைந்த தொடரின் நகலையும் ஒட்டி அனுப்புவது பெரிதும் உதவும். சிக்கல் எழுத்துருவில் உள்ளதா, எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் குறியேற்றத்தில் உள்ளதா என்பதைப் படம் மட்டும் காட்டாது. படத்தில் வங்கிக் கணக்கு எண், ஓடிபி போன்றவை இருப்பின் முதலில் மறைத்துவிட வேண்டும்.

புதிய வசதி வேண்டுவோர், அதைப் பிழையாகப் பதியாமல் ஆலோசனையாகத் தனியே எழுதி, எந்த வேலைக்கு அது தேவைப்படுகிறது என்பதையும் விளக்குவது முறை.