யாழ்ப்பாணத்திலிருந்து சின்னம்மா ஆபரேஷனுக்கு வருகிறார்

எங்கள் காட்டுப்பள்ளியிலிருந்து ஆபரேஷனுக்காக வெளிநாடு போனவர் யாரையும் எனக்குத் தெரியாது. இங்கே நடப்பது எதிர்த்திசைப் பயணம். என் அம்மா பருத்தித்துறைப் பக்கம், அப்பா எண்ணூர். இப்படிக் கடலின் இரு கரையிலும் சொந்தம் உள்ள குடும்பங்கள் எண்ணூர், மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் நிறைய. என்றாவது ஒரு நாள் இரவு போன் வரும்: "தம்பி, சின்னம்மாவுக்கு வால்வு மாத்த வேணுமாம். சென்னைக்குக் கூட்டிவந்தால் நீ பாப்பியோ?" பார்ப்பேன் என்று சொல்லிவிடுவோம். அதற்கப்புறம் என்ன செய்வதென்று யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். துறைமுகத்துச் சரக்குகளுக்கு ஆவணம் தயாரிப்பது என் பிழைப்பு. அந்தப் பழக்கத்தில் நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். நோயாளி அங்கே, நீங்கள் இங்கே என்று வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு தாள், அதில் தேதிகள்

எல்லோரும் விசாவில் தொடங்குகிறார்கள். நீங்கள் நோயாளி திரும்பிப் போகும் நாளில் தொடங்குங்கள். இந்தியாவின் இ-மெடிக்கல் விசா வந்திறங்கிய நாளிலிருந்து 60 நாள் செல்லும். அதற்குள் மூன்று முறை வந்துபோகலாம். அறுபது நாள் ஏராளம் என்று தோன்றும். வால்வு ஆபரேஷனுக்கு முன்பரிசோதனை ஒரு வாரம், ஐசியூவும் வார்டும் சேர்த்து எட்டுப் பத்து நாள், தையல் ஆறி, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையின் அளவு நிலைக்கு வர இரண்டு மூன்று வாரம், பிறகு 'விமானத்தில் போகலாம்' என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். எல்லாம் நேராகப் போனாலே நாற்பது நாளாகிவிடும். மீதி இருபது நாள்தான் உங்கள் கையிருப்பு.

எங்கள் கையிருப்பில் பதினொரு நாளை ஒரு கடைவாய்ப் பல் தின்றது. வால்வு மாற்றுவதற்கு முன் பல் மருத்துவரிடம் சான்று வாங்கி வரச் சொல்வார்கள். சொத்தைப் பல்லில் இருக்கும் கிருமி ரத்தத்தில் ஏறிப் புது வால்வில் போய் உட்கார்ந்துவிடும் என்பதால். சின்னம்மாவுக்கு இரண்டு பல் சொத்தை. பிடுங்கி, புண் ஆறி, மறுபடி தேதி கிடைப்பதற்குள் பதினொரு நாள் ஓடிவிட்டது. "பல்லுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம், தம்பி? உவையள் காசு பிடுங்கப் பாக்கினம்" என்று அவர் கடைசிவரை நம்பவில்லை. ஆபரேஷனுக்கு முன் என்னென்ன சான்று வேண்டும் என்ற பட்டியலை மருத்துவமனையிடம் முன்பே கேட்டு வாங்கி, பல், சர்க்கரை, சிறுநீர்த் தொற்று இதையெல்லாம் யாழ்ப்பாணத்திலேயே பார்த்து முடித்துவிட்டு ஏறச் சொல்லுங்கள்.

தாளில் மாதத்தையும் பாருங்கள். அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வேண்டாம், மழைக்காலம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். எங்கள் பக்கம் ஆறும் கழிமுகமும் சேர்ந்து நிறைந்தால் தையல் போட்ட உடம்போடு வெளியேற வழி தேட வேண்டியிருக்கும்.

கடிதம் வந்த பிறகுதான் விசா

அங்கே எடுத்த எக்கோ, ஆன்ஜியோ ரிப்போர்ட்டை இரண்டு மூன்று மருத்துவமனைகளின் வெளிநாட்டு நோயாளிப் பிரிவுக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, வீடியோ பதிவும் வேண்டும். எந்த வால்வு எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது என்பதைச் சர்ஜன் தன் கண்ணால் பார்க்கவே விரும்புவார். ஆயிரம் விளக்கில் அப்போலோ, மணப்பாக்கத்தில் மியாட் எனப் பெரிய மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் இதற்கென்று தனி மேசை உண்டு. கிரீம்ஸ் ரோட்டுச் சந்துகளில் வங்காள எழுத்தில் லாட்ஜ் பலகைகள் தொங்குவதைப் பார்த்தாலே எத்தனை தேசத்து நோயாளிகள் வந்துபோகிறார்கள் என்று புரியும்.

பதிலாக உங்களுக்கு இரண்டு தாள் வர வேண்டும். ஒன்று செலவு மதிப்பீடு. இன்னொன்று விசாவுக்கான அழைப்புக் கடிதம், லெட்டர்ஹெட்டில். கடிதத்தை வாங்கியதும் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எங்களுக்கு வந்த முதல் கடிதத்தில் சின்னம்மாவின் பெயருக்கு முன்னால் ஒற்றை இனிஷியல். பாஸ்போர்ட்டிலோ அவருடைய அப்பா பெயர் முழுதாக, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில். பில் ஆஃப் லேடிங்கில் ஒரு எழுத்து பிசகினால் கன்டெய்னர் யார்டிலேயே நிற்கும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். மனிதருக்கும் அதேதான். திருத்திய கடிதம் வாங்க நாலு நாள் ஆயிற்று. பாஸ்போர்ட்டின் முதல் பக்கப் பிரதியை முதல் மின்னஞ்சலிலேயே இணைத்து, 'இதிலுள்ளபடியே பெயரை எழுதவும்' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் மிச்சமாகியிருக்கும் நாலு நாள்.

மதிப்பீட்டைப் படிக்கும்போது கூட்டுத்தொகையை விட்டுவிட்டு உள்ளே போங்கள். எத்தனை நாள் ஐசியூ என்று கணக்கிட்டிருக்கிறார்கள்? வால்வின் விலை உள்ளடக்கமா, தனியா? உலோக வால்வா, திசு வால்வா? ரத்தம் கொடுக்க ஆள் கொண்டுவர வேண்டுமா? வெளிநாட்டு நோயாளிக்கு வேறு கட்டணம் வைத்திருக்கும் இடங்கள் உண்டு. அதை நேராகக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஸ்டென்ட், முழங்கால் மூட்டு இம்பிளான்ட் என்றால் 2017 முதல் மத்திய அரசின் விலை வரம்பு இருக்கிறது, பில்லில் அதைச் சரிபாருங்கள். பணத்தைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவரும் எண்ணமும் வேண்டாம். இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் விடாது. 5,000 டாலருக்கு மேல் வெளிநாட்டு நோட்டு கொண்டுவந்தால் விமான நிலையத்தில் சுங்கத்திடம் எழுதிக் கொடுக்க வேண்டும். வங்கி வழி அனுப்புவதே நிம்மதி.

விண்ணப்பம்

இ-விசாவுக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முகவரி gov.in என்று முடிகிறதா என்று பாருங்கள். தேடினால் அச்சு அசலாக அரசுத் தளம் மாதிரியே தனியார் தளங்கள் வந்து நிற்கும். அவை இரட்டைக் கட்டணம் பிடுங்கும். வருவதற்குக் குறைந்தது நாலு நாள் முன், அதிகபட்சம் 120 நாள் முன் விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கம் இருக்க வேண்டும். வெள்ளைப் பின்னணியில் புகைப்படம். மருத்துவமனைக் கடிதம். அவ்வளவுதான். முன்பு இந்தியா வந்ததுண்டா, விசா மறுக்கப்பட்டதுண்டா என்ற கேள்விகளுக்கு மட்டும் வயதானவர்கள் பயந்து 'இல்லை' என்று போட்டுவிடுவார்கள். உள்ளதை எழுதச் சொல்லுங்கள்.

துணைக்கு வருகிறவர்களுக்குத் தனியாக அட்டென்டன்ட் விசா, இரண்டு பேர் வரை. நோயாளியின் விண்ணப்ப விவரம் அதில் கேட்கப்படும் என்பதால் நோயாளிக்கு முதலில் போட்டுவிட்டுப் பிறகு துணைக்குப் போடுங்கள். துணையாக யார்? மகன்தான் வரவேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள். பெண் நோயாளிக்கு இரவில் வார்டில் கூட இருக்க ஒரு பெண் வேண்டும், அதை யோசித்து முடிவு செய்யுங்கள்.

புற்றுநோய் போல மாதக்கணக்கில் இழுக்கும் சிகிச்சை என்றால் இ-விசா போதாது. கொழும்பிலுள்ள இந்தியத் தூதரகம் வழியாகவோ யாழ்ப்பாணத்துத் துணைத் தூதரகம் வழியாகவோ பாஸ்போர்ட்டில் ஒட்டித் தரும் மெடிக்கல் விசாவைக் கேளுங்கள்; சிகிச்சைக் காலத்தைப் பொறுத்து ஓராண்டு வரை தருவார்கள்.

சிறுநீரகம், கல்லீரல் மாற்று என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குக் கால்வாசிதான் உதவும். மெடிக்கல் விசா இல்லாமல் உறுப்பு மாற்று நடக்காது. தானம் தருபவரோ பெறுபவரோ வெளிநாட்டவர் என்றால் 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி அங்கீகாரக் குழுவின் முன் அனுமதி வேண்டும், உறவுமுறைக்கு அவர்கள் நாட்டுத் தூதரகத்தின் சான்று வேண்டும். நெருங்கிய உறவாக இல்லாத இந்தியர் வெளிநாட்டவருக்குத் தானம் செய்ய முடியாது. "ஆள் நான் ஏற்பாடு செய்கிறேன்" என்று ஒரு புரோக்கர் வந்தால் வாசலோடு அனுப்புங்கள். எங்களுக்கு இது பேப்பரில் படித்த கதை இல்லை. சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர்க் குடியிருப்பில் குடியமர்த்தப்பட்ட மீனவப் பெண்கள் பலர் கடனுக்காகச் சிறுநீரகத்தை விற்றிருந்தது 2007 ஜனவரியில் வெளியே வந்தது. பேசிய பணம்கூட முழுதாகக் கைக்கு வரவில்லை என்று அவர்கள் சொன்னார்கள்.

எந்த வழியாக வருவது

இ-விசாவோடு எல்லா இடத்திலும் இறங்க முடியாது. அனுமதித்த விமான நிலையங்கள், துறைமுகங்கள் மட்டும்தான். சென்னை விமான நிலையம் அந்தப் பட்டியலில் உண்டு. யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு 2019 நவம்பரில் விமானம் தொடங்கி, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் பறக்க ஆரம்பித்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் வந்தது. சின்ன விசிறி விமானம், ஒன்றேகால் மணி நேரம்தான், ஆனால் படியேறித்தான் உட்கார வேண்டும். ஏற முடியாதவருக்குக் கொழும்பு நல்லது என்று தோன்றும். அதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து ஏழெட்டு மணி நேரம் சாலையில் குலுங்க வேண்டுமே? படியில் கைத்தாங்கலாக ஏற்றிவிட முடிகிற நோயாளி என்றால் என் ஓட்டு பலாலிக்குத்தான்.

டிக்கெட் எடுத்தவுடன் சக்கர நாற்காலி கேட்டு வையுங்கள். இருதய நோயாளி, மூச்சு வாங்குபவர் என்றால் விமான நிறுவனம் மெடிஃப் என்ற படிவத்தை டாக்டரிடம் நிரப்பி வாங்கிவரச் சொல்லும். விசா அனுமதியை அச்செடுத்து மூன்று பிரதி வைத்திருங்கள், போனில் இருக்கிறது என்று நம்பாதீர்கள். சென்னையில் இறங்கியதும் கைரேகை எடுப்பார்கள், 'எங்கே தங்குவீர்கள்' என்று கேட்பார்கள். உங்கள் முகவரியும் போன் எண்ணும் ஒரு துண்டுத் தாளில் அவர் கையிலேயே இருக்கட்டும்.

காட்டுப்பள்ளியில் தங்கலாமா

வரும்போது கூடாது என்பேன். சொந்த வீடு இருக்க லாட்ஜ் எதற்கு என்று சின்னம்மா கோபித்துக்கொண்டார். ஆனால் இந்தப் பக்கம் கன்டெய்னர் டிரெய்லர் வரிசை மாட்டிக்கொண்டால் ஆம்புலன்ஸுக்கும் அதே கதிதான். நிலக்கரித் தூசி ஜன்னல் கம்பியில் படிவதைத் தினமும் துடைக்கிறோம். நெஞ்சைத் திறந்து மூடியவர் அதைச் சுவாசித்து இருமினால் ஒவ்வொரு இருமலும் தையலில் இழுக்கும். ஆபரேஷன் முடிந்து முதல் மறுபரிசோதனை வரை மருத்துவமனைக்குப் பக்கத்தில் சமையல் வசதியுள்ள அறை, பிறகு வீடு. அழைத்து வரும்போது எண்ணூர் வழியை விட்டு, வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையைப் பிடியுங்கள். சுற்றுதான், ஆனால் குலுக்கல் குறைவு.

வீட்டில் தங்கவைத்தால் ஒரு கடமை உண்டு. வெளிநாட்டவர் யாரைத் தங்கவைத்தாலும், சொந்தச் சின்னம்மாவே ஆனாலும், 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறையின் தளத்தில் பதிய வேண்டும். 2025 செப்டம்பரில் வெளிநாட்டவர் பற்றிய புதிய சட்டம் வந்த பிறகும் எல்லோர் வாயிலும் அது 'சி படிவம்'தான். வீட்டு உரிமையாளர் பெயரில் முதலில் கணக்குத் திறக்க வேண்டும் என்பதால் நோயாளி வருவதற்கு ஒரு வாரம் முன்பே அதை முடித்து வையுங்கள். வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் இப்போதே பேசுங்கள். பலர் இதைச் செய்வதேயில்லை. விசாவை நீட்டிக்கப் போகும்போது அங்கே மாட்டுவார்கள், தங்குமிடச் சான்றாக அந்தப் பதிவைத்தான் கேட்பார்கள்.

நீட்டிப்பும் இணையத்தில்தான், வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இ-எஃப்ஆர்ஆர்ஓ தளத்தில். டாக்டரின் புதிய கடிதம், பாஸ்போர்ட், விசா, தங்குமிடப் பதிவு. கூப்பிட்டால் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனுக்குப் போக வேண்டியிருக்கும். அறுபதாவது நாள் வரை காத்திருக்காதீர்கள்; நாற்பதாவது நாளில் நோயாளி இன்னும் வார்டில் இருந்தால் அன்றே தொடங்குங்கள்.

திரும்பும் நாள்

நெஞ்சு, வயிறு ஆபரேஷன் ஆகி பத்து நாளுக்குள் டாக்டரின் சான்று இல்லாமல் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். கண்ணுக்குள் வாயு செலுத்தி ஆபரேஷன் செய்தவர்கள் அது கரையும்வரை பறக்கவே கூடாது. டிஸ்சார்ஜ் அன்று அவசரத்தில் தாள்களை வாரிக்கொண்டு ஓடாமல் உட்கார்ந்து பாருங்கள்: சம்மரியில் பாஸ்போர்ட்டிலுள்ள பெயர், வால்வின் வகையும் எண்ணும் உள்ள அட்டை, மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயர். இங்கே விற்கும் கம்பெனிப் பெயர் யாழ்ப்பாணத்து பார்மசியில் இருக்காது. உலோக வால்வு வைத்தவர் வாழ்நாள் முழுக்க, ரத்தம் உறையும் வேகத்தை அளக்கும் ஐஎன்ஆர் பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். முதல் பரிசோதனைக்கு ஊரில் எங்கே, என்றைக்கு என்று இங்கிருந்தே முடிவு செய்து, அங்குள்ள டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதி வாங்குங்கள். மருந்து கைப்பையில், சீட்டு பாஸ்போர்ட்டுக்குள்.

சின்னம்மா 53-ஆவது நாள் கிளம்பினார். இரண்டு பல் இல்லாத சிரிப்போடு சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பையில் என் மனைவி வைத்த வற்றலை அதிகாரி எடுத்துவிடுவாரோ என்பதுதான் அவர் கவலை. எடுக்கவில்லை. நான் வீடு திரும்பி, மறந்துபோவதற்கு முன் அன்றிரவே தளத்தைத் திறந்து அவர் புறப்பட்ட தேதியைப் பதிந்தேன். வருகையைப் போலவே புறப்பாட்டையும் போட வேண்டும்.