முதலில் காது, பிறகு வாய்: ஹெவி மெட்டலுக்குப் புதிதாக வருவோருக்குப் பத்து அறிவுரைகள்



மெட்டல் ரசிகர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு ஆல்பங்களைப் பற்றித்தான். இப்போது யார் எதைக் கேட்கிறார்கள், எந்த இசைக்குழுவுக்கு எது பொற்காலம், எது காலத்துக்கும் நிற்கும் என்று விடிய விடிய வாதம் நடக்கும். அந்தப் பேச்சில் கலந்துகொள்ள உங்களுக்கும் ஆசை இருக்கிறது. தப்பாகச் சொல்லிவிட்டால் கேலி செய்வார்களோ என்ற தயக்கமும் இருக்கிறது. பல காலமாக இந்த இசையோடு வாழ்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன். பேசத் தகுதி வேண்டுமென்றால் ஒன்றே ஒன்றுதான் வேண்டும்: உண்மையாகக் கேட்டிருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரும்.

1. ஆல்பத்தை முழுதாகக் கேளுங்கள்.

எந்தப் பாட்டுக்குப் பின் எது வர வேண்டும் என்று மெட்டல் கலைஞர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். ஸ்லேயரின் 'ரெய்ன் இன் பிளட்' (1986) ஆல்பத்தில் பத்துப் பாடல்கள். மொத்தமே 29 நிமிடம்தான். 'போஸ்ட்மார்ட்டம்' பாய்ந்து முடிந்த கையோடு இடியும் மழையும் கேட்கும். அதற்குள்ளிருந்து 'ரெய்னிங் பிளட்' எழும். கடைசியில் வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்து மழை மட்டும் பெய்துகொண்டிருக்கும். ஷஃபிளில் போட்டுக் கேட்பவருக்கு இந்த மழை எதற்கென்றே புரியாது. அரை மணி நேரம் ஒதுக்குங்கள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முதலிலிருந்து கடைசிவரை கேளுங்கள்.

2. வேரைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் அந்தக் காலத்தில் ஒரு தொழிற்சாலை நகரம். அங்கே ஆஸ்டன் பகுதியில் வளர்ந்த பையன்கள் சேர்ந்து அமைத்த பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13 அன்று வெளியானது. கிடாரிஸ்ட் டோனி அயோமி 17 வயதில் இரும்புத் தகடு ஆலையில் வேலை பார்த்தபோது வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகளை இயந்திரத்துக்குப் பறிகொடுத்தவர். இடது கைப் பழக்கக்காரர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்தார், அதன்மேல் தோல் ஒட்டினார், மெல்லிய தந்திகளைப் பூட்டினார். 1971இல் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' வந்தபோது பல பாடல்களில் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கியிருந்தார். தந்தியின் இறுக்கம் தளர்ந்தது, விரலுக்கு நோவு குறைந்தது, ஒலி கனத்தது. பின்னால் வந்த டூம் மெட்டல் என்ற கிளையின் குழுக்கள் எல்லாம் அந்தக் கனத்தைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவைதான். இது தெரிந்த பிறகு அயோமியின் ரிஃப்களை, திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிடார் வரிகளை, மறுபடி கேட்டுப் பாருங்கள்.

3. மூன்று முறையாவது கேட்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' (1986) தலைப்புப் பாடல் எட்டரை நிமிடம் ஓடும். முதல் முறை கேட்கும்போது வேகம் ஒன்றுதான் பிடிபடும். இரண்டாம் முறை ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் ரிதம் கிடாரை மட்டும் பின்தொடருங்கள். அத்தனை வேகத்திலும் பிக்கை மேலிருந்து கீழாகவே அடிக்கிறார். அதனால்தான் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கனத்து விழுகிறது. மூன்றரை நிமிடம் கடந்ததும் வேகம் அடங்கி, டிஸ்டார்ஷன் இல்லாத கிடார் தனியே ஒலிக்கும். அதன்மேல் நிதானமாக வரும் சோலோவும் ஹெட்ஃபீல்டுடையதே. கிர்க் ஹாம்மெட்டின் பாய்ச்சல் அதற்குப் பிறகு. மூன்றாம் முறை பேஸ் கிடாரைத் தேடிப் பிடியுங்கள். அதை வாசித்த கிளிஃப் பர்ட்டன் அதே ஆண்டு செப்டம்பரில், 24 வயதில், ஸ்வீடனில் நடந்த பேருந்து விபத்தில் இறந்தார். அடுத்து வந்த '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' (1988) ஆல்பத்தில் பேஸ் ஏறக்குறையக் காதில் விழுவதே இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். மிக்ஸிங் என்றால் என்னவென்று யாரும் பாடம் நடத்தத் தேவைப்படாது.

4. கருத்தோடு காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

"வேற லெவல்" என்பதும் "மொக்கை" என்பதும் கருத்தே ஆகாது. எந்தப் பாட்டு, எந்த இடம், என்ன கேட்டது என்று சொல்லுங்கள். மெட்டாலிகாவின் 'செயின்ட் ஆங்கர்' (2003) பிடிக்கவில்லையா? ஸ்னேர் டிரம் தகர டப்பாவைத் தட்டினாற்போல் ஒலிக்கிறது, கிடார் சோலோ ஒன்றுகூட இல்லை என்று சொல்லுங்கள். அதே ஆல்பத்தை நேசிப்பவர், உடையும் நிலையில் இருந்த ஒரு குழுவின் கோபம் மெருகு போடாமல் அதில் பதிவாகியிருக்கிறது என்பார். இரண்டு பேரும் கேட்டதைத்தான் சொல்கிறார்கள். அந்த வாதத்தில் தோற்பவர் யாருமில்லை.

ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, ஆல்பம், மனதில் பட்டது இரண்டு வரி. அடுத்த ஆண்டு அதே ஆல்பத்தைக் கேட்டு மறுபடி எழுதுங்கள். கருத்து மாறியிருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் காது வளர்ந்திருக்கிறது.

5. பாடகர் மாறினால் பழையவரைத் தேடாதீர்கள்.

பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் குழுவைவிட்டுப் போன பிறகு பிளாக் சப்பாத்துக்கு ரோனி ஜேம்ஸ் டியோ வந்தார். 1980இல் 'ஹெவன் அண்ட் ஹெல்' வெளிவந்தது. ஓஸியின் குரல் பெரும்பாலும் ரிஃப்போடு ஒட்டியே நடக்கும். டியோவின் குரல் ரிஃப்புக்கு மேலே தனிப் பாதை போட்டுக்கொண்டு போகும். அதனால் அயோமி எழுதும் விதமே மாறியது. யார் பெரியவர் என்று கேட்பதைவிட, குரல் மாறியதால் குழு எப்படி மாறியது என்று கேட்டால் பேச்சு நீளும், ருசிக்கும்.

6. உறுமலைக் கண்டு மிரளாதீர்கள்.

டெத் மெட்டலின் குரல் முதலில் சத்தமாகத்தான் படும். பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். டெத் என்ற குழுவின் சக் ஷூல்டினர் 1987இல் 'ஸ்க்ரீம் பிளடி கோர்' ஆல்பத்தில் ரத்தமும் பிணமுமாக எழுதினார். 1995இல் 'சிம்பாலிக்' வந்தபோது கைவிட்டுப் போன குழந்தைப் பருவத்தையும் மனித மனத்தின் இருட்டையும் எழுதிக்கொண்டிருந்தார். 2001இல் மூளைக் கட்டியால் இறந்தபோது அவருக்கு 34 வயது. வரியைப் படிக்காதவருக்கு அந்த எட்டாண்டு வளர்ச்சி தெரியாமலே போய்விடும்.

7. இசையைக் கேளுங்கள், குற்றத்தைக் கொண்டாடாதீர்கள்.

நார்வேயின் பிளாக் மெட்டலைக் கேட்கத் தொடங்கும் எல்லோரும் அதைச் சுற்றி நடந்த குற்றங்களின் கதைகளுக்குள் விழுவார்கள். 1992 முதல் அங்கே தேவாலயங்கள் கொளுத்தப்பட்டன. 1993 ஆகஸ்டில் மேஹெம் குழுவின் கிடாரிஸ்ட் யூரோனிமஸ் கொல்லப்பட்டார். கொன்றவர் பர்ஸம் என்ற பெயரில் இசை வெளியிட்ட வர்க் விகர்னெஸ். 1994இல் வந்த மேஹெமின் 'டி மிஸ்டீரிஸ் டாம் சத்தானாஸ்' ஆல்பத்தில் செத்தவரின் கிடாரும் கொன்றவரின் பேஸும் சேர்ந்தே ஒலிக்கின்றன. அந்த ஆல்பத்தைக் கேட்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்; அது முக்கியமான ஆல்பம். ஆனால் ஒரு கொலையை வீரக்கதையாகச் சொல்லித் திரியாதீர்கள். செத்தது மனிதன்.

8. யாரையும் சோதிக்காதீர்கள்.

அயர்ன் மெய்டன் டி-ஷர்ட் போட்ட பெண்ணைப் பார்த்ததும் "மூணு பாட்டு சொல்லு பார்ப்போம்" என்று கேட்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அதை அடியோடு விடுங்கள். பெண்கள் மட்டுமே வாசிக்கும் கேர்ள்ஸ்கூல் குழு 1978இலேயே வந்துவிட்டது. இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் 2014இல் தொடங்கிய வாய்ஸ் ஆஃப் பாசெப்ரோட், ஹிஜாப் அணிந்த மூன்று பெண்கள் வாசிக்கும் மெட்டல் குழு. தோலும் ஆணிப் பட்டையுமாக மெட்டலுக்கே உடை வகுத்த ஜூடாஸ் ப்ரீஸ்ட்டின் ராப் ஹால்ஃபோர்டு, தான் ஓரினச் சேர்க்கையாளர் என்று 1998இல் வெளிப்படையாகச் சொன்னார். இந்த இசை எல்லோருக்கும் பொது. நேற்று வந்தவரிடம் "எது பிடித்தது?" என்று கேளுங்கள், அது போதும்.

9. வரைபடத்தை விரித்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தும் அமெரிக்காவும் மட்டும் போதாது. பிரேசிலின் செபுல்டுரா 'ரூட்ஸ்' (1996) ஆல்பத்துக்காக ஷவாந்தே பழங்குடி மக்களோடு சேர்ந்து ஒலிப்பதிவு செய்தது. நமக்கு அருகிலேயே, சிங்கப்பூரில் இந்திய வம்சாவளியினர் 1992இல் தொடங்கிய ருத்ரா, வேதாந்தத்தை டெத் மெட்டலில் ஆங்கிலமும் சமஸ்கிருதமும் கலந்து பாடி வருகிறது. அவர்களின் 'பிரம்மவித்யா: பிரைமோர்டியல் 1' (2005) ஆல்பத்தில் தொடங்கலாம்.

10. காதைக் காப்பாற்றுங்கள், பக்கத்தில் இருப்பவரையும்.

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம் வகுத்த அளவின்படி 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம். மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான் பாதுகாப்பு. மெட்டல் கச்சேரி அதையும் தாண்டும். காதடைப்பான் போடுவது கோழைத்தனமில்லை. போன கேட்கும் திறன் திரும்பி வராது. மேடை முன்னால் ரசிகர்கள் மோதிக்கொண்டு ஆடும் மோஷ் பிட்டில் இறங்கினால் ஒரு விதி உண்டு: யாராவது விழுந்தால் அந்த நொடியே எல்லோரும் நின்று தூக்கிவிட வேண்டும். பாட்டு எவ்வளவு உச்சத்தில் இருந்தாலும் சரி.

இவற்றைப் பழகிவிட்டால் அடுத்தவருக்குக் கொடுங்கள். மெட்டாலிகாவின் 1982 டெமோ, முதல் ஆல்பம் வருமுன்பே கேசட்டுக்குக் கேசட் நகலாகி ஊர் ஊராகப் பரவியது. ரசிகர்கள் தபாலில் அனுப்பியதால்தான் அது நடந்தது. இன்று லட்சம் ஆல்பங்கள் எல்லோர் கையிலும் இருக்கின்றன. எதில் தொடங்குவது என்பதுதான் தெரியவில்லை. நூறு பெயர் கொண்ட பட்டியலை நீட்டினால் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரே ஒரு ஆல்பம் சொல்லுங்கள். அதில் எந்த நிமிடத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். அவர் கேட்டுவிட்டு வந்து உங்களோடு வாதாடினால், நீங்கள் சொன்னது பலித்தது என்று அர்த்தம்.