முதல் வருடக் கார்னர்பேக்கை எடைபோடுவது எப்படி?

அன்புள்ள கதிருக்கு,

இந்த வருடம் அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல்.லுக்குள் வந்த கார்னர்பேக்குகளில், அதாவது பந்தை வாங்க ஓடும் ரிசீவர்களை மறிப்பவர்களில், யார் தேறுவார் என்று நண்பர்களோடு தினமும் வாதம் நடப்பதாக எழுதியிருந்தாய். தாராளமாக வாதாடு. ஆனால் இன்டர்செப்ஷன் கணக்கை, அதாவது எதிரணி வீசிய பந்தை எத்தனை முறை பறித்தார் என்பதை, மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதே. புதுமுகக் கார்னர்பேக் விஷயத்தில் அதைப்போல் ஆளை ஏமாற்றும் கணக்கு வேறில்லை.

அணிகள் முறைவைத்துக் கல்லூரி வீரர்களை எடுக்கும் டிராஃப்டில், 2022ஐப் பார். மூன்றாவது தேர்வில் ஹூஸ்டன் டெக்சன்ஸ் டெரெக் ஸ்டிங்லியை எடுத்தது. நான்காவதில் நியூயார்க் ஜெட்ஸ் சாஸ் கார்ட்னரை எடுத்தது. கார்ட்னர் அந்த ஆண்டே சிறந்த தற்காப்புப் புதுமுகம் விருதை வாங்கினார், ஆல்-புரோ முதல் அணியிலும் இடம்பிடித்தார். ஸ்டிங்லி காயத்தால் 9 ஆட்டங்களோடு நின்றுபோனார். ஹூஸ்டன் ஆள் மாற்றி எடுத்துவிட்டது என்று பேச்சு கிளம்பியது. ஆனால் விருது வாங்கிய கார்ட்னரே அந்த ஆண்டு பிடித்தது 2 இன்டர்செப்ஷன்கள்தான். ஸ்டிங்லி பிடித்தது 1. கார்ட்னரை உயர்த்தியது அவர் தட்டிவிட்ட பந்துகள்: மொத்தம் 20.

ஸ்டிங்லி கல்லூரியில் ரிசீவரோடு ஒட்டி ஓடிப் பெயர் வாங்கியவர். அவர் வந்த ஆண்டு ஹூஸ்டன் பயிற்சியாளர் லவ்வி ஸ்மித் பெரும்பாலும் ஸோன் முறையில், அதாவது ஆளைத் தொடராமல் ஒரு பகுதியைக் காக்கும்படி, ஆடவைத்தார். மறு ஆண்டு டிமிகோ ரயன்ஸ் பொறுப்பேற்றார். ஸ்டிங்லி 11 ஆட்டங்களில் 5 இன்டர்செப்ஷன் எடுத்தார். 2024இல் அவரும் ஆல்-புரோ முதல் அணியில். அதனால் யாரைப் பற்றிப் பேசினாலும், அவரை அணி எப்படி ஆடவைக்கிறது என்பதை முதலில் கேள்.

கல்லூரியிலிருந்து வருகிறவருக்கு விதிகளே மாறிவிடுகின்றன. அங்கே பந்து குவார்ட்டர்பேக்கின் கையைவிட்டுக் கிளம்பும்வரை ரிசீவரைத் தள்ளி மறிக்கலாம். என்.எஃப்.எல்.லில் 5 கெஜம் தாண்டியபின் அப்படி மறிக்கக்கூடாது. ஏழாவது கெஜத்தில் ரிசீவர் திரும்புகிறார். பழைய பழக்கத்தில் புதுமுகத்தின் கை அவர் இடுப்புக்குப் போகிறது. தவறு என்று நடுவரின் மஞ்சள் கொடி விழுகிறது. பந்து வரும் நேரத்தில் ரிசீவரைத் தடுத்தால் கல்லூரியில் அதிகபட்சத் தண்டனை 15 கெஜம். என்.எஃப்.எல்.லில் தவறு நடந்த இடத்திலேயே பந்தை வைத்துவிடுவார்கள். 40 கெஜம் தள்ளி நடந்தால் 40 கெஜமும் போச்சு. எதிரணிக் குவார்ட்டர்பேக்குகள் புதுமுகம் நிற்கும் பக்கமாகவே பந்தை வீசிப் பார்ப்பது இதனால்தான். செப்டம்பரில் ஒருவர் வாங்கும் கொடிகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. டிசம்பரிலும் அதே தவறு என்றால் கவலைப்படுவேன்.

இன்டர்செப்ஷன் கணக்கு ஏமாற்றுவதற்கு இன்னொரு உதாரணம்: 2024இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் முதல் சுற்றில் குவின்யன் மிட்செலையும் இரண்டாம் சுற்றில் கூப்பர் டிஜீனையும் எடுத்தது. வழக்கமான சீசன் முழுவதும் இருவருக்கும் இன்டர்செப்ஷன் பூஜ்யம். ஆனாலும் பாஸில் மிகக் குறைந்த கெஜம் விட்டுக்கொடுத்த அணி அதுதான். பிளேஆஃபில் மிட்செல் 2 பிடித்தார். சூப்பர் பௌலில், தன் 22ஆவது பிறந்தநாளில், டிஜீன் எதிரணிக் குவார்ட்டர்பேக் மஹோம்ஸின் பந்தைப் பறித்து 38 கெஜம் ஓடி டச்டவுன் போட்டார். என்.எஃப்.எல்.லில் அதுதான் அவருடைய முதல் இன்டர்செப்ஷன்.

இனி ஆட்டம் பார்க்கும்போது பந்து வராத பக்கத்தையும் பார். குவார்ட்டர்பேக் ஒரு பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, வீசாமல் வேறு ஆளைத் தேடினால், அங்கே ரிசீவரை ஒட்டி நின்றவர் யார் என்று குறித்துவை. அந்தப் பட்டியலோடு நண்பர்களிடம் போ.

அன்புடன்,
சித்தப்பா