தனியே மூழ்குவோன்

காஞ்சியில் பழைய முறைப்படி கோர்வைப் பட்டு நெய்யுங்கால், ஒருபக்கக் கரையின் நாடாவை எறியத் துணையாள் ஒருவர் வேண்டும். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தோர்க்கும் படகில் கயிறு பிடித்தோர் துணையாயினர். தறியில் துணை தவறின் நெசவு நிற்கும். கடலிலோ மூச்சே நிற்கும்.

1943-இல் பிரான்சு நாட்டில் கூஸ்தோ, காஞான் என்னும் இருவர் இயற்றிய மூச்சுக் கருவி, மூழ்குவோர் கயிறின்றி உலவ வழிசெய்தது. ஆயினும் பயிற்சி முதிராதார் தனியே மூழ்குதல் தகாது. முதிர்ந்தோரும் தனித்தனிக் குழாய் பொருத்திய இரு காற்றுக்கலன்களும், சிக்கிய வலையை அறுக்கக் கத்தியும் கொள்வர். மீளும் நேரத்தைக் கரையிலுள்ளோர்க்கு உரைப்பர். மூச்சை அடக்காது மெல்ல மேலெழுவர். அடக்கின், நீரழுத்தம் குறையக் குறைய உள்ளிருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் கிழிக்கும்.

தனித்துச் செல்லும் திறமென்பது துணையை இகழ்வதன்று. துணையின் கடமையையும் தானே மேற்கொள்வதாகும்.