குளிக்காத குளத்தையும் கவனியுங்கள்

அரிசோனாவின் பீனிக்ஸ் பகுதியில் எம்மவர் பலரின் பின்வளவில் நீச்சல் குளம் உண்டு. மார்கழி வந்ததும் அதை மறந்துவிடுகிறோம். “இப்ப ஒருவரும் குளிக்கிறதில்லைத்தானே, டொக்டர்?” என்பார்கள். பழுதும் ஆபத்தும் அப்போதுதான் தொடங்குகின்றன.

1. பம்பி: பாலைவன இரவுகளில் குளிர் சிலவேளை 32 பாகை பரனைட்டுக்குக் கீழே இறங்கும். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் விரிந்து குழாய்களை வெடிக்கச் செய்யும். ஓடும் நீர் எளிதில் உறையாது. அத்தகைய இரவுகளில் பம்பியை நிறுத்தாதீர்கள்.

2. நீர்மட்டம்: ‘ஸ்கிம்மர்’ எனப்படும், குப்பை வடிக்கும் வாயின் நடுப்பகுதி வரை நீர் நிற்கட்டும். குறைந்தால் பம்பி காற்றை இழுத்துச் சூடாகிப் பழுதடையும்.

3. இரசாயனங்கள்: பிஎச் அளவு 7.2 முதல் 7.8 வரை இருக்கட்டும். அமிலத்தன்மை கூடினால் சுவர்ப்பூச்சும் உலோகப் பாகங்களும் அரிக்கப்படும். குளோரீனையும் அமிலத்தையும் ஒருபோதும் ஒரே வாளியில் இடாதீர்கள். எழும் நச்சுவாயு நுரையீரலைத் தாக்கும். தவறிக் கலந்தால் உடனே விலகிச் செல்லுங்கள்; மூச்சுத்திணறினால் 911 ஐ அழையுங்கள்.

4. படலை: அது தானாக மூடிக் கொழுவுகிறதா என்று பாருங்கள். ஊரில் கிணற்றுக்கட்டுப் பக்கம் பிள்ளை போனால் அயலவரே குரல் கொடுப்பார்கள். இங்கே மதிலுக்கு உள்ளே நடப்பது யாருக்கும் தெரியாது. குழந்தை சத்தமின்றியே மூழ்கும். கவனிக்காமல் பச்சையாகிய நீரில், அடியில் கிடக்கும் பிள்ளை கண்ணுக்குத் தெரியாது.

குளிர்நீர் பெரியவர்களையும் திணறச் செய்யும். திருத்துவதற்காகத் தனியே இறங்காதீர்கள். வாரம் ஒருமுறை குளத்தைச் சுற்றிப் பார்ப்போம். பணமும் மிஞ்சும், பிள்ளைகளும் பத்திரமாயிருப்பார்கள்.