துண்டறிக்கைகளைத் தொகுத்தல்: சில குறிப்புகள்

நூல் என்றவுடன் அட்டையும் கட்டுமானமும் உடைய ஒன்றே நம் நினைவில் தோன்றுகிறது. ஆயின் ஒரு மக்கள் இயக்கம் தன் நெஞ்சைத் திறந்து பேசுவது பெரும்பாலும் நூல்களில் அன்று. தெருவில் வழங்கப்பெறும் துண்டறிக்கை, சுவரொட்டி, அணாக் கணக்கில் விற்ற சிறு வெளியீடு, கூட்ட அழைப்பு, நிதி திரட்டிய பற்றுச்சீட்டு ஆகியவற்றில்தான் அதன் குரல் கேட்கிறது. இவை படித்தவுடன் எறியப்படுவதற்கென்றே பிறந்த தாள்கள். எனினும் இவற்றைத் தேடித் தொகுப்போர் உலகெங்கும் உளர். அமெரிக்காவில் ஜோசப் லபாடி என்னும் அச்சுத் தொழிலாளர், தாம் சேர்த்து வைத்திருந்த தொழிலாளர் இயக்கத் தாள்களை 1911இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற்கு வழங்கினார். அங்கு அவை கவனிப்பாரின்றிக் கிடந்தன. 1924 முதல் 1952இல் தாம் மறையும் வரை ஆக்னஸ் இங்லிஸ் என்னும் அம்மையார் அவற்றை ஒழுங்குசெய்து வளர்த்தார். தொகுப்பவர் ஒருவர், அதனைக் காப்பவர் மற்றொருவர். இவ்விருவருள் எவர் இல்லையெனினும் தாள் மிஞ்சாது.

நம் நாட்டில் இதற்கு நிகராகச் சொல்லத்தக்கவர் கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள். பதவியோ பல்கலைக்கழகப் பட்டமோ துணைநிற்காத நிலையில், நூல்களையும் இதழ்களையும் மட்டுமன்றி நாடக விளம்பரங்களையும் திருமண அழைப்பிதழ்களையும் அவர் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தார். ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் கொண்ட அத்தொகுப்பு, சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994இல் ஓர் ஆராய்ச்சி நூலகமாயிற்று. அந்நூலகம் முதலில் அமைந்த இடம் நம் அம்பத்தூரை அடுத்த முகப்பேர் என்பது நம் மாணவர் பலர் அறியாத செய்தி. பின்னர் அது தரமணிக்குச் சென்றது. நாடக விளம்பரத்தை எதற்காக வைத்திருக்கிறார் என்று அக்காலத்தில் வியந்தவர்கள் இருந்திருப்பர். இன்று நாடக வரலாறு எழுதுவோர் முதலில் கேட்பது அதனைத்தான்.

போராட்டத் தாள்களுக்கு மற்றொரு விந்தையான காப்பாளரும் உண்டு. அது அவற்றைத் தடைசெய்த அரசே. 1910, 1931 ஆகிய ஆண்டுகளின் அச்சகச் சட்டங்களின்கீழ் ஆங்கில அரசு எண்ணற்ற தமிழ் வெளியீடுகளைப் பறிமுதல் செய்தது. 1928இல் பாரதியார் பாடல் நூல்களும் அதற்குத் தப்பவில்லை. பறித்தவற்றில் ஒரு படியைக் கோப்பில் வைப்பது அலுவலக வழக்கம். அதனால் வீடுகளில் அச்சத்தால் எரிக்கப்பட்டவை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் இலண்டன் நூலகத்திலும் உயிர்தப்பின. தடைசெய்யப்படாத எளிய துண்டறிக்கைகளுக்கோ அந்தக் காப்பும் இல்லை.

இவ்விடத்து நம் சமுதாயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கிலாபத் இயக்கத்தின்போது யாகூப் ஹசன் 1921இல் சிறை சென்றார். 1938இல் இந்தி எதிர்ப்பு வலுத்தபோது சட்டமன்ற உறுப்பினர் கலிபுல்லா, தம் தாய்மொழி தமிழே என்று நின்றார். பெயர் நிலைத்த இவர்களை நூல்களில் காணலாம். இவர்களுக்காக ஊர்தோறும் கூட்டம் கூட்டியவர்கள் அச்சிட்ட தாள்கள் எங்கே? தலைப்பில் 786 என்றோ திருவசனம் ஒன்றோ இருந்தால், அத்தாளைக் காலில் மிதிபடவிடாமல் கிணற்றிலிடுவதும் மண்ணில் புதைப்பதும் நம் பெரியோர் காத்த ஒழுக்கம். அந்த ஒழுக்கத்தை நாம் குறைகூறவில்லை. ஆயினும் அரபுத்தமிழ்ச் சுவடிகளோடு அரசியல் அறிக்கைகளும் அவ்வாறே மறைந்தன என்பதை வருத்தத்துடன் குறிக்கின்றோம். மரியாதையாக ஓர் உறையிலிட்டு உயரத்தில் வைப்பதும் அவ்வொழுக்கத்திற்கு மாறானதன்று என்பது நம் கருத்து. பெரியோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

இனி, கிடைத்த தாளை ஆராயும் முறையைக் காண்போம். முதலில் அடிவிளிம்பை நோக்குக. 1867ஆம் ஆண்டின் அச்சகப் பதிவுச் சட்டம் 2024 வரை நடைமுறையில் இருந்தது. அச்சிட்டவர் பெயரும் இடமும் தாளில் இருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. எனவே அச்சகப் பெயரில்லாத தாள் கவனக்குறைவால் வந்ததாக இருக்கலாம். மறைவாக அச்சிடப்பட்டதாகவும் இருக்கலாம். எழுத்துருவின் தேய்வையும் தாளின் தரத்தையும் கொண்டே அதனைத் துணிய வேண்டும்.

அடுத்தது ஆண்டு. துண்டறிக்கை எழுதுவோர் நாளையும் கிழமையையும் குறிப்பர், ஆண்டை விட்டுவிடுவர். மறுநாள் கூட்டத்திற்கு ஆண்டு எதற்கு? இதனால் மனந்தளர வேண்டியதில்லை. 'சனவரி 26 செவ்வாய்' என்று மட்டும் ஒரு தாளில் இருப்பதாகக் கொள்வோம். 1950 முதல் 1975 வரை அந்நாள் செவ்வாயாக வந்தவை 1954, 1960, 1965, 1971 ஆகிய நான்கே. துக்க நாள், கறுப்புக்கொடி என்னும் சொற்களும் உடனிருப்பின் அது 1965ஆம் ஆண்டு மொழிப் போராட்டத்தது எனத் துணியலாம். அச்சனவரி ரமலான் மாதத்தோடு இணைந்து வந்தது. ஆதலால் நோன்பு பற்றிய குறிப்பு ஏதேனும் இருந்தால் அதுவும் சான்றாகும்.

காக்கும் முறையில் ஒன்றை மட்டும் வற்புறுத்துவோம். கிழிந்த தாளில் ஒட்டுநாடா ஒட்டாதீர். பசை பழுத்து எழுத்தையே தின்றுவிடும். யாரிடமிருந்து, எவ்வூரில், எந்நாளில் கிடைத்தது என்பதைத் தனித்தாளில் எழுதி உடன் வைத்தல் போதும்.

ஆவடி என்றவுடன் 1955ஆம் ஆண்டுக் காங்கிரஸ் மாநாட்டையும் சமதர்மப் பாணித் தீர்மானத்தையும் எல்லா நூல்களும் கூறும். அதே ஆவடியிலும் அம்பத்தூரிலும் ஆலை வாயில்களில் தொழிலாளர் வழங்கிய அறிக்கைகளை எந்நூலில் காண்பது? இவ்வினாவோடு நாமும் மாணவர் சிலரும் வீடு வீடாகச் சென்றோம். அம்பத்தூரில் மாணவர் ஒருவரின் பாட்டனார் முப்பதாண்டு தொழிற்சங்கத்தில் இருந்தவர். இரும்புப் பெட்டி நிறையத் தாள்கள் வைத்திருந்தாராம். நாம் சென்று கேட்டபோது, "ஐயா, தாத்தா மௌத்தான பிறகு இடம் அடைக்கிறதென்று போன வெள்ளிக்கிழமைதான் எடைக்குப் போட்டோம்" என்றார் வீட்டம்மையார். பழைய தாள் கடைக்கு அன்றே ஓடினோம். மூட்டை ஆலைக்குப் போய்விட்டிருந்தது.

பெட்டியின் அடியில் துரு ஒட்டிப் பிரியாமல் தங்கிய ஒரு தாளை அவ்வம்மையார் எடுத்துத் தந்தார். வாயிற்கூட்டத்திற்கான அழைப்பு அது. 'வியாழன் மாலை 5 மணி' என்றிருக்கிறது. தேதி இருந்த மூலையைத் துரு தின்றுவிட்டது. அச்சகப் பெயர் இல்லை. துறை அலமாரியில் அதனை உறையிலிட்டு வைத்துள்ளோம். அக்கூட்டத்திற்குச் சென்றவர் எவரேனும் இம்மலரைப் படிக்க நேரின், துறைக்கு வந்து அதனைப் பார்த்துச் சொல்ல வேண்டுகிறோம்.