வளையல் பிறக்கும் ஊர்

தமிழர் எந்த ஊரில் வாழ்ந்தாலும் அங்கு வளைகாப்பு விழா நிகழும். கருவுற்ற பெண்ணின் இரு கைகளிலும் சுற்றத்தார் கண்ணாடி வளையல்களை அடுக்குவர். ஆடிப்பூரத்தன்று அம்மனுக்கும் வளையல் சாத்துவர். தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பத்தினர் கன்னாட் பிளேஸ் அனுமன் கோயிலருகிலும் சதர் பஜாரிலும் உள்ள கடைகளில் வளையல் வாங்குகின்றனர். அக்கடைகளில் மின்னும் கண்ணாடி வளையல்களுள் பெரும்பாலானவை பிரோசாபாத் நகரில் பிறந்தவை.

ஊரும் பெயரும்

பிரோசாபாத், உத்தரப் பிரதேச மாநிலத்தில் ஆக்ராவிற்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது. தில்லியிலிருந்து கான்பூர் செல்லும் தொடர்வண்டியில் தூண்ட்லா சந்திப்பைக் கடந்தால் இந்நகரை அடையலாம். இதனை அடுத்துள்ள சந்த்வார் என்னுமிடத்தில்தான் 1194ஆம் ஆண்டு முகம்மது கோரியின் படையும் மன்னர் ஜெயச்சந்திரனின் படையும் மோதின. பின்னர், அக்பர் காலத்தில் பிரோஸ் ஷா என்பவர் பெயரால் இவ்வூர் வழங்கலாயிற்று என்பர்.

வளையல் உருவாகும் முறை

மணல், சோடா உப்பு, சுண்ணாம்பு ஆகியவற்றைக் கலந்து உலையிலிடுவர். 1,000 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் அக்கலவை தேன்போல் உருகும். கோபால்ட் சேர்த்தால் கண்ணாடி நீலநிறம் பெறும். ஏனைய நிறங்களுக்கும் தனித்தனிப் பொருள்கள் உள்ளன.

தொழிலாளர் ஒருவர் உருகிய கண்ணாடியை நீண்ட இரும்புக் கம்பியின் நுனியில் திரட்டி எடுப்பார். கண்ணாடி ஆறுவதற்குள் கம்பி கைமாறிக் கைமாறி அடுத்தவரிடம் விரையும். இறுதியில் அதிலிருந்து மெல்லிய இழையொன்று சுழலும் உருளையின்மீது இழுக்கப்படும். இழை உருளையைச் சுற்றிச் சுருளாகப் படியும். குளிர்ந்த சுருளை நெடுக்குவாட்டில் கீறினால் வாய்திறந்த வளையங்கள் பல உதிரும்.

இத்துடன் வளையல் முழுமை பெறுவதில்லை. வளையங்கள் கட்டுக்கட்டாகத் தெருக்களிலுள்ள வீடுகளுக்குச் செல்லும். அங்குச் சிறு சுடரின்முன் அமர்ந்து பெண்கள் வளையத்தின் கோணலை நிமிர்த்துவர். பிரிந்த முனைகளைச் சூடாக்கி இணைப்பர். காற்று வீசினால் சுடர் அலையும். எனவே, கோடையிலும் அவ்வறையில் மின்விசிறி சுழல்வதில்லை. முடித்துத் தரும் வளையல்களின் எண்ணிக்கைக்கு ஏற்பவே கூலி கிடைக்கும். அதன்பின் வளையல்களுக்குப் பொன்வண்ணம் தீட்டிச் சூளையில் சுடுவர்.

தாஜ்மகாலும் உலைகளும்

முற்காலத்தில் இவ்வுலைகள் விறகாலும் நிலக்கரியாலும் எரிந்தன. ஆக்ரா வட்டாரத் தொழிற்சாலைகளின் புகை தாஜ்மகாலின் வெண்பளிங்கைப் பழுதாக்கும் என்னும் அச்சம் எழுந்தது. 1996 டிசம்பர் 30 அன்று உச்சநீதிமன்றம், தாஜ்மகாலைச் சூழ்ந்த பகுதியின் தொழிற்சாலைகள் நிலக்கரியைக் கைவிட்டு இயற்கை எரிவாயுவிற்கு மாறவேண்டும். இயலாதவை இடம்பெயர வேண்டும் என ஆணையிட்டது. பிரோசாபாத்தும் அப்பகுதிக்கு உட்பட்டதே. இன்று அதன் உலைகளுக்குக் குழாய்வழியே எரிவாயு வருகிறது.

கல்லைக் காக்க வழி பிறந்ததுபோல் குழந்தைகளைக் காக்கவும் சட்டம் உண்டு. முன்னர் இத்தொழிலில் சிறுவர் பலர் உழைத்தனர். வெப்பமும் கண்ணாடித் தூளும் அவர்களின் கண்ணையும் நுரையீரலையும் வருத்தின. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 2016ஆம் ஆண்டில் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் 14 வயது நிறையாதோரை வேலைக்கு அமர்த்துவதைக் குற்றமாக்கின. ஆயினும், தொழிற்சாலையைப் பார்வையிடும் அலுவலரால் ஒவ்வொரு வீட்டின் உள்ளறையையும் காண இயலாது. அவ்வீட்டுப் பெரியோருக்குப் போதிய கூலி கிடைத்தால்தான் அங்குள்ள பிள்ளைகளின் பள்ளிப்படிப்பு தடையின்றித் தொடரும்.

தமிழகத்தின் பழந்தொழில்

கண்ணாடித் தொழில் தமிழருக்குப் புதிதன்று. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்குக் கண்ணாடி மணிகள் செய்யப்பட்டன. உருகிய கண்ணாடியைத் துளையுள்ள நீண்ட குழலாக இழுத்து, குளிர்ந்தபின் சிறு மணிகளாக நறுக்கினர். இவ்வகை மணிகள் தென்கிழக்காசிய நாடுகளிலும் கிடைத்துள்ளன. அக்காலத் தமிழ்ப் பெண்கள் சங்கை அறுத்துச் செய்த வளைகளையும் அணிந்தனர்.

சங்கு வளையாயினும் கண்ணாடி வளையலாயினும் அதன் விலையில் பலருடைய உழைப்பு அடங்கியுள்ளது. வாங்குவோர் பேரம் பேசுமுன் அவ்வுழைப்பை எண்ணிப் பார்த்தல் நன்று.

சொற்பொருள்

உலை – பொருளை உருக்கும் அடுப்பு
சூளை – பொருளைச் சுட்டெடுக்கும் அடுப்பு
இழை – மெல்லிய நூல் போன்றது
வளை – வளையல்

வினாக்கள்

1. வளையங்கள் வாய்திறந்தவையாக இருப்பது ஏன்?
2. வளையல் இணைக்கும் அறையில் மின்விசிறி சுழலாமைக்குக் காரணம் யாது?
3. அரிக்கமேட்டு மணிக்கும் பிரோசாபாத் வளையலுக்கும் செய்முறையில் உள்ள ஒற்றுமை, வேற்றுமைகளை எழுதுக.

செயல்பாடு

உன் வீட்டில் நடந்த வளைகாப்பு பற்றிப் பாட்டியிடமோ அம்மாவிடமோ கேட்டறிந்து, பத்து வரிகளில் தமிழில் எழுதுக.